பொட்டு பளிச், பொண்ணு கலங்கல்

"அண்ணா, பொட்டு ரொம்ப அழகா வந்திருக்கு."

சித்தி மகளின் கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து, படங்களைப் பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போனபோது அவள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு இது. அவள் நெற்றியில் இருந்த பொட்டைச் சொல்லவில்லை. மணமகள் அறைக் கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன பழைய ஸ்டிக்கர் பொட்டைச் சொன்னாள். அதன் ஓரத்தில் பசை காய்ந்து நூல் பிரிந்திருப்பது வரை என் படத்தில் எண்ணிவிடலாம். அதற்குப் பக்கத்தில், ஜிமிக்கி மாட்டிக்கொண்டிருக்கும் கல்யாணப் பெண் தண்ணீரில் கரைத்த சந்தனம் மாதிரி இருந்தாள்.

கும்பகோணத்தில் ஒரு மண்டபம், விடியற்காலை நாலரை மணி, ஆறு மணிக்குள் முகூர்த்தம். பெண் கண்ணாடி முன்னால் நிற்க, பின்னாலிருந்து அவள் தோளுக்கு மேலாகக் கண்ணாடியில் தெரியும் முகத்தை எடுப்பது என்பது இப்போது தாலி கட்டுவதற்கு அடுத்தபடியான சடங்கு ஆகிவிட்டது, அந்தப் படம் இல்லாத ஆல்பத்தை நான் பார்த்ததே இல்லை. மண்டபத்துக்கு முறையாகப் பேசிய போட்டோகிராபர் ஒருவர் இருந்தார். நான் சும்மா, ஆசைக்கு. இந்தக் கல்யாணத்துக்காகவே செகண்ட் ஹேண்டில் ஒரு 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் வாங்கியிருந்தேன். அதைப் போட்டு, ஒளி நுழையும் துவாரத்தை முழுசாகத் திறந்துவைத்து (எஃப் எண் சின்னதாக இருந்தால் துவாரம் பெரிசு) பதினாலு படம் எடுத்தேன். பதினொன்றில் பொட்டு ஜெயித்தது.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் இது பள்ளிக்கூடப் பாடம். சமதள ஆடியில் தோன்றுவது மாய பிம்பம், ஆடிக்கு முன்னால் பொருள் எவ்வளவு தூரமோ ஆடிக்குப் பின்னால் பிம்பம் அவ்வளவு தூரம். இதை எழுதி இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் மனசுக்குள் நம்பியது வேறு. காலண்டரில் முருகன் படம் ஒட்டியிருப்பது போல, கண்ணாடியில் நம் முகம் கண்ணாடியின் மேலேயே ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன்.

சரி, உண்மையில் என்ன? அவள் மூக்கு நுனியிலிருந்து ஒளி நாலா பக்கமும் விரிந்து போகிறது. அதில் ஒரு பங்கு கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும்போது விரிவது நிற்பதில்லை, விரிந்துகொண்டேதான் வருகிறது. தட்டையான கண்ணாடி கதிர்களின் திசையைத்தான் மாற்றுமே ஒழிய அவற்றைக் கூட்டவோ பிரிக்கவோ செய்யாது. அதனால் லென்ஸுக்கு வந்து சேரும் கதிர்கள் அவள் மூக்கிலிருந்து கண்ணாடி வரை, அப்புறம் கண்ணாடியிலிருந்து கேமரா வரை, இரண்டு தூரத்தையும் கூட்டினால் எவ்வளவோ அவ்வளவு தூரத்திலிருந்து கிளம்பியவை போலவே இருக்கும். ஃபோகஸ் என்பது இந்த விரிவைப் பார்த்து லென்ஸை முன்னே பின்னே நகர்த்துவதுதான். நடுவில் ஒரு கண்ணாடி இருந்தது லென்ஸுக்குத் தெரியவே தெரியாது. சுவரை இடித்து அந்தப் பக்கம் இன்னொரு அறை கட்டி, அதில் இவளைப் போலவே ஒருத்தியை நிறுத்தியிருந்தாலும் இதே ஃபோகஸ்தான்.

பொட்டு அப்படி இல்லை. அது நிஜமாகவே கண்ணாடியின் மேல் இருக்கிறது. அன்றைக்கு நான் கண்ணாடியிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர், அவள் அறுபது சென்டிமீட்டர். ஆக பொட்டு 1.5 மீட்டரில், அவள் முகம் 2.1 மீட்டரில். படத்தில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், தூரத்திலோ அறுபது சென்டிமீட்டர் வித்தியாசம். 50 எம்எம் லென்ஸை எஃப்/1.8-ல் வைத்தால், என் கேமராவின் சென்சார் அளவுக்கு, இரண்டு மீட்டரில் தெளிவாக விழும் ஆழம் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். மூக்குக்கும் காதுக்கும் அதுவே சரியாகப் போய்விடும்.

கேமரா ஏன் பொட்டைப் பிடித்தது என்றால், அதுக்கு வேறு வழி இல்லை. ஆட்டோஃபோகஸுக்கு ஒரு கூர்மையான விளிம்பு வேண்டும். லென்ஸின் இந்த ஓரத்தில் வரும் ஒளியையும் அந்த ஓரத்தில் வரும் ஒளியையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் வரை லென்ஸை ஓட்டுவது அதன் வேலை. ட்யூப்லைட் வெளிச்சத்தில், பவுடர் போட்டு வழவழவென்று இருக்கும் கன்னத்தில் அதற்கு என்ன விளிம்பு கிடைக்கும்? பளபள கண்ணாடியில் அரக்குச் சிவப்பில் ஒரு வட்டம் என்பது அதற்கு விருந்துச் சாப்பாடு. தவிர, எந்தப் புள்ளி என்று நாம் சொல்லாமல் விட்டால் பெரும்பாலான கேமராக்கள் கிட்டத்தில் இருப்பதைத்தான் முதலில் பிடிக்கும். நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

முதலில் நான் பழி போட்டது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடிமேல். என்னுடையது பழைய டிஎஸ்எல்ஆர். அதில் லென்ஸுக்குப் பின்னால் 45 பாகையில் ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கும். நாம் வியூஃபைண்டரில் பார்ப்பது அது மேலே திருப்பிவிடும் ஒளியை. அதன் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியை உள்ளே விடும், பின்னால் இருக்கும் குட்டிக் கண்ணாடி அதைக் கீழே திருப்பி ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்பும். இங்கேயும் அதே கூட்டல் கணக்குதான்: லென்ஸிலிருந்து கண்ணாடி, கண்ணாடியிலிருந்து ஃபோகஸ் சென்சார், இரண்டையும் கூட்டினால் லென்ஸிலிருந்து படம் விழும் சென்சாருக்கு உள்ள தூரத்தோடு மயிரிழை பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். எஃப்/1.8-ல் அந்த மயிரிழை என்பது மொத்தமே ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஏழு பங்கு. செகண்ட் ஹேண்ட் கேமரா, எவன் கீழே போட்டானோ, குட்டிக் கண்ணாடி நகர்ந்திருக்கும் என்று ஒரே முடிவாக ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் சுவரில் ஒரு செய்தித்தாளைச் சாய்வாக ஒட்டி நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கேமராவுக்கு ஒன்றும் இல்லை என்றார். மீதியைச் சொல்லவில்லை, பார்வையிலேயே புரிந்தது. (இன்னொன்றும் சொன்னார்: உள்ளே இருக்கும் அந்தக் கண்ணாடியை விரலால் துடைத்துவிடாதீர்கள். வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருக்கும், இதில் முன்பக்கமே பூசியிருக்கும், தொட்டால் போச்சு.)

அந்த ரசம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ரசம் என்றால் பாதரசம். வெள்ளீயமும் பாதரசமும் சேர்த்துப் பூசிய காலத்துப் பெயர். 1835-ல் ஜெர்மனியில் லீபிக் வெள்ளியைக் கண்ணாடியில் படிய வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார், அப்புறம் பாதரசம் போய்விட்டது. நாம் இன்னும் "ரசம் போன கண்ணாடி" என்றுதான் சொல்கிறோம். எங்கள் வீட்டு ரேழியில் இருப்பது அப்படி ஒன்றுதான், தாத்தா காலத்தது, ஓரமெல்லாம் கரும்புள்ளி. ஆனால் அதில் முகம் பார்க்கும்போது அந்தப் புள்ளிகள் கண்ணில் படுவதே இல்லை. காரணம் இப்போது தெரியுமே, புள்ளி ஒரு தூரத்தில், முகம் அதைவிட இரண்டு மடங்கு தூரத்தில். கண் முகத்துக்கு ஃபோகஸ் வைக்கும்போது புள்ளி கலங்கிவிடுகிறது.

இதைக் கேமரா இல்லாமலே சோதித்துப் பார்க்கலாம், எனக்குக் கிட்டப்பார்வை இருப்பதால் எனக்கு இன்னும் சுலபம். தமிழில் கண்ணாடி என்றால் அதுவும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என் பவர் மைனஸ் மூன்று. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் 33 சென்டிமீட்டர் வரைதான் எனக்குத் தெளிவு. ரேழிக் கண்ணாடியில் அம்மா ஒட்டிவைத்திருக்கும் பொட்டை 25 சென்டிமீட்டரில் நின்று பார்த்தேன், நன்றாகத் தெரிந்தது. அதே இடத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தேன், கலங்கல். முகம் தெளிய வேண்டுமானால் கண்ணாடிக்குப் பதினாறு சென்டிமீட்டருக்குள் போக வேண்டியிருந்தது, கிட்டத்தட்ட மூக்கு இடிக்கிற தூரம். சின்ன வயதிலிருந்து ஷேவிங் செய்யும்போது ஏன் கண்ணாடியை முட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அப்பாவுக்கு இது தலைகீழ், வெள்ளெழுத்து. பேப்பரை ஒரு முழம் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்து தெரியும், கைக்கண்ணாடியில் முகம் பார்க்க மட்டும் அரை முழம் போதும் என்கிறார். போதாதா பின்னே, போக அரை முழம், வர அரை முழம்.

கண் டாக்டர்களுக்கு இது பழைய சங்கதி. பார்வைப் பலகையை ஆறு மீட்டரில் வைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும், கடைத்தெருவில் ஆறு மீட்டர் நீளத்துக்கு அறைக்கு எங்கே போவது? மூன்று மீட்டர் அறையில் எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி, எழுத்துப் பலகையை நம் தலைக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள். மூன்றும் மூன்றும் ஆறு. எழுத்துகளை இடவலம் மாற்றி அச்சடித்திருப்பார்கள், கண்ணாடியில் நேராகத் தெரியும். நம் எழுத்துகளில் ப-வும் ஃ-ம் மாற்றவே வேண்டாம், இடவலம் திருப்பினாலும் அதேதான்.

கல்யாணத்தன்று அந்த மண்டபப் போட்டோகிராபர் என்னிடம் ஒன்று சொன்னார். முப்பது வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தவர், மேலிருந்து குனிந்து பார்க்கும் யாஷிகாவில் தொழில் கற்றவர். அந்தக் கேமராவிலும் உள்ளே ஒரு கண்ணாடி உண்டு, ஒன்றே ஒன்று என்பதால் பெண் வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடித் திரையில் இடப்பக்கம் நகர்வாள், அதையே பார்த்துப் பழகியவருக்கு நம் கேமராவில் உலகம் நேராகத் தெரிவதே புதுசு. நான் திணறுவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, கண்ணாடில எடுக்கும்போது ரெட்டிப்பு தூரம் வச்சுக்கணும், அவ்வளவுதான்" என்றார். நான் உடனே ஆட்டோஃபோகஸை நிறுத்திவிட்டு மூன்று மீட்டரில் திருகினேன். மிச்சம் மூன்று படமும் அப்படித்தான் போயின. பொட்டும் கலங்கல், பெண்ணும் கலங்கல், அவளுக்குப் பின்னால் அறை மூலையில் சார்த்தி வைத்திருந்த வாழையிலைக் கட்டு மட்டும் தெளிவு.

அவர் சொன்னது தப்பு என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இரட்டிப்பு என்பது நம்மையே நாம் எடுத்துக்கொள்ளும்போது மட்டும்தான் சரி. அடுத்தவரை எடுத்தால் கூட்டல். அவர் அனுபவத்தில் கை தானாக அந்தக் கூட்டலைப் போட்டுவிடும், வாய் மட்டும் ரெட்டிப்பு என்று சொல்லும் என்று நினைக்கிறேன்.

உறுதிப்படுத்திக்கொள்ள வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினேன். என் லென்ஸில் தூர அளவு அச்சிட்டிருக்கும், இப்போது வரும் பல லென்ஸ்களில் அதை எடுத்துவிட்டார்கள். கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டரில் கேமரா. (அளவு லென்ஸ் முனையிலிருந்து இல்லை. கேமராவின் தலையில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட ஒரு குறி இருக்கும், சென்சார் இருக்கும் இடம், அங்கிருந்துதான் டேப் பிடிக்க வேண்டும்.) பொட்டுக்கு ஃபோகஸ் வைத்தேன், ஒன்று. கண்ணாடியில் தெரிந்த என் கேமராவுக்கு வைத்தேன், இரண்டுக்குச் சற்று முன்னால் நின்றது. அது லென்ஸின் முன்முகத்துக்குப் பிடித்திருக்கிறது, சரிதான். அப்புறம் அப்பாவைக் கண்ணாடியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஊஞ்சலில் உட்கார வைத்தேன். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் வந்து நின்றது. ஒன்றும் மூன்றும் நாலு. "முடிஞ்சுதா?" என்று அப்பா மூன்று தடவை கேட்டார்.

இரண்டுமே தெளிவாக வேண்டுமென்றால் என்ன செய்வது? பொட்டும் வேண்டும், பெண்ணும் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.5-க்கும் 2.1-க்கும் இடையில் ஃபோகஸை வைத்து அந்தத் துவாரத்தை எஃப்/11-ஐவிடச் சின்னதாகச் சுருக்கியிருக்க வேண்டும். அந்த ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்வை, ஏற்றினால் படம் ரவை உப்புமா ஆகியிருக்கும். ஃபிளாஷ் போடலாமே என்றால், கண்ணாடிக்கு நேராக ஃபிளாஷ் அடிப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றெரிச்சல் என்னவென்றால், கேமராவோடு வந்த சாதாரண லென்ஸை 18 எம்எம்மில் வைத்து எடுத்திருந்தால் முழுசாகத் திறந்தே இரண்டும் தெளிவாக விழுந்திருக்கும். பெண் சின்னதாகத் தெரிவாள், சுற்றிலும் அத்தைகள் தெரிவார்கள், அது வேறு விஷயம். பெண்ணின் தங்கை போனில் எடுத்த படத்தில் பொட்டு, பெண், அத்தைகள், கதவிடுக்கில் எட்டிப் பார்த்த மாப்பிள்ளைத் தோழன் எல்லாரும் பளிச். போன் லென்ஸின் நிஜமான குவியத் தூரம் சில மில்லிமீட்டர்தான், அதற்கு எல்லாமே தூரம்தான். குடும்ப வாட்ஸ்ஆப்பில் ஓடியது அந்தப் படம்தான், என்னுடையது இல்லை.

ஒளியைப் பார்த்து ஃபோகஸ் வைக்கும் கேமராவாவது நாம் புள்ளியைச் சரியாகக் காட்டினால் பிம்பத்தைப் பிடித்துவிடும். போலராய்டு 1978-ல் கொண்டுவந்த எஸ்எக்ஸ்-70 சோனார் வௌவால் மாதிரி ஒலி அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளந்தது. ஒலிக்குக் கண்ணாடி என்றால் சுவர். கண்ணாடிக்கு ஒரு மீட்டரில் நேராக நின்று நம்மையே எடுத்தால் ஒரு மீட்டர் என்று அது அடித்துச் சொல்லும், பிம்பம் இருப்பதோ இரண்டு மீட்டரில். அந்தக் கேமராவில் கண்ணாடிக்கு முன்னால் கையால்தான் திருகியாக வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த பிறகு நான் போகிற இடத்தில் எல்லாம் கண்ணாடிதான் தெரிகிறது. சலூனில் முன்னும் பின்னும் கண்ணாடி, மூன்று மீட்டர் இடைவெளி, நான் முன்கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் என்றால் என் முகங்கள் 2, 8, 14 மீட்டரில் வரிசையாக நிற்கின்றன, பின்மண்டைகள் 6, 12, 18 மீட்டரில். போகப்போகப் பச்சை பூத்து இருட்டிப்போகின்றன, கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பு செய்யும் வேலை. வழுக்கை எட்டு மீட்டரில் இருப்பது ஆறில் இருப்பதைவிட மோசமா என்று யோசித்துக்கொண்டிருந்ததில் முடிவெட்டுபவர் தலையை இரண்டு முறை திருப்பி வைக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் தண்ணீர். டெல்டாக்காரனுக்குக் கண்ணாடி கடையில் வாங்க வேண்டிய பொருளே இல்லை. திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள் (வேலி என்பது பழைய நில அளவு), அந்தக் கமலாலயக் குளத்தில் காற்று ஓய்ந்த காலையில் மேலைக் கோபுரம் தலைகீழாக நிற்கும். மேற்குக் கரையிலிருந்து எடுத்தால் கோபுரத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் ஒரே ஃபோகஸ்தான். நேராக வரும் தூரமும் தண்ணீரில் பட்டு வரும் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். கரையோரம் மிதக்கும் பாசிக்கு ஃபோகஸ் வைத்தால் கோபுரம் கரைந்துவிடும். இன்னொன்று, தண்ணீருக்குள் தெரிவது மேலே தெரிவதன் நகல் இல்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, நம் கண் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் தெரியும். படித்துறை மண்டபத்தின் மேல்தளம் நேரில் தெரியும், தண்ணீரில் தெரியாது, கூரையின் அடிப்பக்கம் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி ஏமாற்றுபவர்களை இதை வைத்தே பிடித்துவிடலாம்.

போன குறுவைக்கு, எங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து, பரம்படித்த வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. நட்டு முடித்த பகுதியில் நாற்று ஒரு சாண் உயரம், இடையில் எல்லாம் வானம். மேகம் ஒன்று வரப்பு வரை வந்து படுத்திருந்தது. வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆட்டோவில் எடுத்தேன், எதிர்பார்த்தபடி நாற்றைப் பிடித்தது. இரண்டு மீட்டரில் நாற்று, மேகம் எத்தனையோ கிலோமீட்டரில், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க 50 எம்எம் லென்ஸால் முடியாது. ஆட்டோவை அணைத்துவிட்டு லென்ஸைக் கடைசிவரை, படுத்த எட்டுக் குறி வரை திருகினேன். நாற்றெல்லாம் பச்சைப் புகையாகி, மேகம் மட்டும் சேற்றுக்குள்ளிருந்து நூல் பிடித்த மாதிரி எழுந்து வந்தது.

நட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏந் தம்பி, நாத்தையா எடுக்கிறீங்க?"

"இல்லைங்கம்மா, வானத்தை."

மேலே ஒருமுறை பார்த்தார், கீழே ஒருமுறை பார்த்தார்.

"அப்ப அண்ணாந்து எடுக்க வேண்டியதுதானே, எதுக்குக் குனிஞ்சுகிட்டு?"